பந்துக்குள் வைத்த எலக்ட்ரான்

அந்த மரப்பந்து இன்னும் அங்கேயே இருக்கிறது. திருவனந்தபுரத்தில் நாங்கள் ஆராய்ச்சி செய்த இயற்பியல் துறையின் வாசல் மேஜையில். திருகினால் இரண்டாகப் பிரியும். உள்ளேயிருந்து ஒரு சிவப்புப் பாசிமணி உருண்டு விழும். பந்து நியூட்ரான், மணி எலக்ட்ரான், விழுவது பீட்டா சிதைவு. வடிவமைத்தவர் துறைத்தலைவர் என்று பித்தளைத் தகடு வேறு.

அதைப் பார்த்தால் எனக்கு அக்காவின் நினைவும் வயிற்றெரிச்சலும் சேர்ந்தே வரும். உடன்பிறந்தவள் அல்ல, எனக்கு மூத்த ஆய்வு மாணவி, அதே ஊரின் வலியசாலை அக்கிரகாரத்துக்காரி. நியூட்ரானுக்குள் மூன்று குவார்க்குகள் எப்படி அமைந்திருந்தால் அது இந்த வேகத்தில் சிதையும் என்று கணக்குப் போடுவதுதான் அவள் ஆய்வு. விடை சோதனையோடு ஒட்டாத நாட்களில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே மாட்டாள். தோதாக ஓர் எண்ணை நுழைத்துச் சரிக்கட்டலாமே என்று யாராவது சொன்னால் முறைப்பாள்.

பள்ளிப் பிள்ளைகள் துறையைப் பார்க்க வந்த அன்று, தலைவர் பந்தைத் திறந்து காட்டி, எலக்ட்ரான் உள்ளே ஒளிந்திருந்து வெளியே குதிக்கிறது என்றார். அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"இல்லை சார். அது உள்ளே கிடையாது. ஒரு குவார்க் வேற வகையா மாறறச்சேதான் எலக்ட்ரானே பொறக்கறது. கொழந்தேள்கிட்ட தப்பாச் சொல்லப்படாது."

"மதி கேட்டோ. பிள்ளைகளுக்கு இவ்வளவு போதும்," என்று தலைவர் மலையாளமும் தமிழும் கலந்து சொல்லிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நம்பியது எங்கள் மடத்தனம். அந்த மாதமே அக்காவின் ஆய்வுக்கால நீட்டிப்பில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். முன்னேற்றம் போதாதாம். யார் சொல்வது? நியூட்ரானின் வயிற்றில் எலக்ட்ரானைத் திணித்து வைத்த மனிதர். நாங்கள் சிலர் போய்க் கேட்டோம். "டிசிப்ளின் வேணும்," என்றார், தலை நிமிராமல். ஆய்வேடு பாதியில் நின்றது. அக்கா இப்போது நாகர்கோவிலில் டியூஷன் எடுக்கிறாள். அவளுக்கு ஆறிவிட்டதாகச் சொல்கிறாள். எனக்கு ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

சென்ற மாதம் பழைய மாணவர் கூட்டத்துக்குப் போயிருந்தேன். அன்றும் பள்ளிப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். ஓர் இளம் ஆசிரியர் அதே பந்தைக் காட்டி அதே கதையைச் சொல்லிவிட்டு அடுத்த அறைக்கு நகர்ந்தார். பின்தங்கிய ஒரு சிறுமி பந்தைத் திருகினாள். மணி உருண்டு என் செருப்பருகே வந்து நின்றது. குனிந்து எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். அவள் பந்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, உள்ளே ஒண்ணும் இல்லல்லோ?"

"இல்லை மோளே," என்றேன். "எப்பவுமே இருந்ததில்லை."