போக ஒரு வேகம், வர ஒரு வேகம்

ஸ்டாப்வாட்சின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் நெமேசியோ நோசா விமானத்தை மட்டப்படுத்துவார். உயரமும் எஞ்சின் ஓட்டமும் நிலைக்கிற வரை தொடையைத் தேய்த்துக்கொண்டு காத்திருப்பார். வேகமானியை நம்பமாட்டார். "அது கெழடு. மூஞ்சிக்கு நேரா நல்லதாத்தான் பேசும்." ஆற்று வளைவு இறக்கைக்குக் கீழே வந்ததும் வாட்சை அமுக்குவார்; கசாப்புக்கூடத்தின் தகரக்கூரை வந்ததும் நிறுத்துவார். தூரம் தெரிந்ததுதான். மிச்சம் மனக்கணக்கு.

சான் போர்ஹாவைச் சுற்றியுள்ள பண்ணைகளில் மாட்டிறைச்சி ஏற்றி வருவது அவர் பிழைப்பு. சீட்டுக்கடியில் எப்போதும் உப்புக்கண்டம் இருக்கும். அதைக் கடித்துக்கொண்டே வானொலியில் பேசுவார். பாதி யாருக்கும் புரியாது.

மலைக்கு அப்பால், லா பாஸில், அவர் மனைவி இர்மா தையல் வேலை பார்க்கிறாள். "என் விமானத்துல வந்து உன்னைக் கூட்டிட்டு வருவேன்" என்று சொல்லி அனுப்பிவைத்தவர் இவர்தான். பஸ் ஓடுகிறது. "சொன்ன வாயோட பஸ்ல போய் இறங்கவா?" என்பார்.

மேலே போகப் போகக் காற்று மெலியும், எஞ்சினின் பலமும் மெலியும். கீழேயே நூற்று நாற்பத்தைந்து மைல் வேகம் வராத எஞ்சின் மலையைத் தாண்டாது. அதனால்தான் மெக்கானிக் தெல்மிரா எஞ்சினைப் பிரித்துக் கோத்ததும், அவளையும் ஏற்றிக்கொண்டு சோதிக்கக் கிளம்பினார்.

முதல் ஓட்டம், நூற்றைம்பது.

தெல்மிரா தன் தொடையில் தட்டினாள். "கேப்டனே! தாண்டிருச்சு! அப்படியே எறங்கு, போய்க் குளிச்சு நல்ல சட்டை போடு."

"காத்து பின்னாலருந்து தள்ளுது தெல்மி. அது சம்பாதிச்சதை எங்கணக்குல எழுதாதே."

"உனக்கு ஒரு நல்லது நடந்தா ஆகாதே!"

அதே உயரம், அதே எஞ்சின் ஓட்டம். விமானத்தைத் திருப்பினார். ஆற்று வளைவு வரவே மாட்டேன் என்றது. நூற்றுப் பதினெட்டு. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினார். நூற்று முப்பத்துநாலு.

"வால்வை இன்னொருக்கா பாக்கறேன்" என்றாள் தெல்மிரா, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு. அவர் ஓடுதளத்தைத் தாண்டிப் போய், கொஞ்ச நேரம் மேற்கே மலையைப் பார்க்கப் பறந்துவிட்டுத்தான் திரும்பி வந்து இறங்கினார்.

தரையில் கால் வைத்த கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. இர்மா.

"பாத்தாச்சா? எவ்வளவு வருது?"

எஞ்சின் மூடியைத் திறந்துகொண்டிருந்த தெல்மிராவை ஒருமுறை பார்த்தார். வாலைச் சுற்றி, அவள் காதுக்கு எட்டாத தூரம் நடந்துபோனார்.

"நூத்தைம்பது."