ரெண்டு ஸ்பூன் அக்கா

எங்கள் கடையின் எட்டாவது வரிசையில், பாலில் கலக்கும் சத்துப் பவுடர் டின்கள் அடுக்கிய அலமாரிக்கு முன்னால் ஒரு குட்டி மேசை போட்டு நின்றுகொண்டிருப்பார் அவர். மேசைமேல் ஒரு பிளாஸ்க், ருசி பார்க்கக் கொடுக்கும் சின்னச் சின்னக் காகிதக் கோப்பைகள். கம்பெனி கொடுத்த பச்சைக் கோட்டு இரண்டு பேர் நுழையும் அளவுக்குப் பெரிது. "வெறும் ரெண்டு ஸ்பூன்மா, ரெண்டே ஸ்பூன்" என்று காலையிலிருந்து கடை அடைக்கும்வரை சொல்லிக்கொண்டே இருப்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ரெண்டு ஸ்பூன் அக்கா. சொந்தப் பெயர் கழுத்தில் தொங்கிய அட்டையில் இருந்தது. இரண்டு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டும் நான் அதை ஒரு தடவைகூடப் படித்துப் பார்த்ததில்லை. நான் மூன்றாம் நம்பர் கவுண்டரில் பில் போடுகிறவள். எனக்கு என் பார்கோடுகளே போதும் போதும் என்றிருக்கும்.

அக்காவைப் போல அந்த டின்னை விற்றவர்கள் யாருமில்லை. காரணம், அவர் சொன்னது விளம்பரக் கதையில்லை, சொந்தக் கதை. மகள் இரண்டு வயதில் சாப்பாட்டைக் கண்டாலே வாயைப் பூட்டிக்கொள்வாளாம். முட்டை என்றால் நாற்றம், பழம் என்றால் வழவழப்பு, ரொட்டியில் ஓரம் இருக்கக் கூடாது, தட்டில் பச்சையாக ஒரு பொட்டு தெரிந்தால் தட்டே பறக்கும். ஒரு வாய்க்கு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டி, கடைசியில் அம்மாவும் மகளும் ஆளுக்கொரு மூலையில் அழுதுகொண்டிருப்பார்கள். அந்தச் சமயத்தில்தான் இந்த வேலை கிடைத்தது. முதல் நாள் ஒரு டம்ளர் கலக்கிக் கொடுத்ததும், மகள் ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னும் கேட்டாள். "அன்னைக்குதாங்க நான் நிம்மதியா தூங்குனேன்" என்பார் அக்கா. அதில் பொய் ஒரு துளியும் கிடையாது.

பேச்சு முடிந்ததும் கைபேசியில் மகளின் படத்தைக் காட்டுவார். கொழுகொழுவென்று, தொட்டால் ஒட்டிக்கொள்வது போன்ற வெள்ளை. பேரும் அதற்கேற்ற மாதிரி பஞ்சு என்றுதான் கூப்பிடுவார்கள். பார்த்த அம்மாக்கள் எல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"என்ன கலருங்க! என்ன குடுத்து வளத்தீங்க?"

அக்கா டின்னைக் காட்டுவார். கூடைக்குள் ஒரு டின் விழும். சில கூடைகளில் இரண்டு.

நான் மட்டும் யோக்கியமா என்ன? நான் கறுப்பு, என் வீட்டுக்காரர் என்னைவிட ஒரு படி மேல். எனக்கொரு பிள்ளை பிறந்தால் இதே டின்தான் என்று அந்தப் படத்தைப் பார்த்தே மனக்கோட்டை கட்டியவள் நான். ஒரு குழந்தை வெளுத்திருப்பதைப் பார்த்து ஒரு ஊரே பொறாமைப்பட்டது. ஏன் இப்படி வெளுத்திருக்கிறது என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

நசுங்கிப்போன டின்களைக் கடை விற்காது, கம்பெனியும் திருப்பி எடுக்காது. அவை அக்காவுக்கு. அதனால் வீட்டில் பவுடருக்குப் பஞ்சமில்லை. காலையில் ஒரு டம்ளர், பிடிக்காத சாப்பாட்டுக்குப் பதில் ஒரு டம்ளர், அழுதால் ஒன்று, தூங்க ஒன்று. நாளுக்கு ஆறு டம்ளர் என்று ஆனது. நாலு வயதில் பஞ்சு வேறெதையும் தொடவில்லை. வர வர ஓடியாடுவதும் குறைந்தது. சொன்ன இடத்தில் உட்கார்ந்திருப்பாள். "என் பொண்ணு மாதிரி அடக்கமான புள்ள கிடையாது" என்று அக்கா பெருமைப்பட்டார். கட்டிலை ஒட்டிய சுவரில் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்கிறாள் என்று ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஒரு நாள் மதியம் அக்காவுக்குப் போன் வந்தது. மாடிப்படி ஏறும்போது பஞ்சு பாதியில் உட்கார்ந்துவிட்டாளாம், மூச்சு வாங்குகிறதாம். அக்கா கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடினார். மருத்துவமனைக்கு நானும் போனேன். டாக்டரம்மா குழந்தையின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பே இல்லை, காகிதம் போல இருந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்ததில், இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை.

"என்ன சாப்பிடறா?"

"சாப்பாடு இறங்காது டாக்டர். ஆனா சத்துல ஒரு குறையும் வைக்கல. சத்துப் பவுடர்தான் குடுக்கறேன். இருபத்தேழு சத்து இருக்கு."

"எத்தனை டம்ளர்?"

"ஆறு. சில நாள் ஏழுகூடக் குடிப்பா." அதைச் சொல்லும்போது அக்காவின் குரலில் பெருமை இருந்தது. அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. "பவுடர் மேல தப்பில்லம்மா. சாப்பாட்டோட சேத்துக் குடுத்தா நல்லதுதான். நீங்க சாப்பாட்டுக்குப் பதிலாக் குடுத்திருக்கீங்க. நாள் பூரா வயித்துல பாலே இருந்தா பசி எங்கேருந்து வரும்? அவ்ளோ பால் போனா இரும்புச்சத்தும் உடம்புல சரியாச் சேராது. டின்னுல போட்டிருக்குமே, நீங்க படிக்கலயா?"

படிக்கலயாவா? முன்பக்கத்தை நாளுக்கு நூறு பேருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டியவர் அவர். பின்பக்கத்தில், அடியில், கடுகளவு எழுத்தில் ஒரு வரி இருந்தது: தினம் இரண்டு டம்ளர், வழக்கமான உணவுடன். மறுநாள் கடையில் நான்தான் டின்னைத் திருப்பிப் பார்த்தேன்.

பஞ்சுவுக்கு ரத்தம் ஏற்றினார்கள். பிறகுதான் உண்மையான பாடு. பால் ஒரு டம்ளராகக் குறைந்தது. இரும்புச்சத்து மருந்து, சத்துச் சேர்த்த மாவில் சுட்ட ரொட்டி, மசித்த கிழங்கில் அதே பவுடர் அரை ஸ்பூன், இப்படி. மூன்று நாள் குழந்தை தண்ணீரைத் தவிர எதையும் வாயில் வாங்கவில்லை. நாலாம் நாள் ரொட்டியை ஓரத்தோடு கடித்தாள். இரண்டு மாதத்தில் ஓடத் தொடங்கினாள், வாய் பேசத் தொடங்கினாள், உதடு சிவந்தது, உடம்புக்கு அதன் சொந்த மாநிறம் திரும்பியது.

"அய்யோ, புள்ள இப்படிக் கறுத்துப் போச்சே!" என்று அக்கம்பக்கத்தில் துக்கம் விசாரித்தார்கள்.

வேலைக்குத் திரும்பியவர் பழைய ஆளாக இல்லை. படம் காட்டுவது நின்றது. "சாப்பாட்டோட குடுங்கம்மா. ரெண்டு டம்ளருக்கு மேல வேண்டாம். எதுவுமே சாப்பிடலன்னா முதல்ல டாக்டரப் பாருங்க" என்று சொல்லத் தொடங்கினார். டாக்டரைப் பார் என்று சொல்கிறவரிடம் யார் டின் வாங்குவார்கள்? விற்பனை சரிந்தது. கம்பெனி அதிகாரி இரண்டு தடவை வந்து முறைத்துவிட்டுப் போனார்.

அப்போதுதான் தையற்கடை அம்மா வந்தார். மாதம் மூன்று டின் வாங்குகிறவர். இடுப்பில் மூன்று வயதுப் பெண் குழந்தை, தோளில் தலை சாய்த்தபடி.

"உங்க பேச்சக் கேட்டுத்தாங்க ஆரம்பிச்சேன். இப்ப சோறு தண்ணி எதுவும் கேக்கறதே இல்ல, இதுதான். பாருங்க, உங்க பொண்ணு மாதிரியே என்ன கலரு வந்திருக்கு!"

அக்காவின் கையிலிருந்த கோப்பை கவிழ்ந்தது. அவர் குழந்தையின் முகத்தைப் பிடித்துத் திருப்பி, கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டார். குழந்தை வீறிட்டது.

"ரத்தம் இல்லம்மா இதுக்கு! இப்பவே டாக்டர்கிட்ட போங்க. கால்ல வேணா விழறேன், போங்க!"

"எம் புள்ளையத் தொட நீ யாருடி? உம் புள்ள கறுத்துப் போச்சுன்னு எம் புள்ளையப் பாத்து வயிறு எரியறியா?"

கடையே திரும்பிப் பார்த்தது. அடுத்த அரை மணியில் மேலாளர் அறையில் நாங்கள் நின்றோம். அக்கா, கம்பெனி அதிகாரி, சாட்சி சொல்ல நான். என் வேலையை நீட்டிப்பதா வேண்டாமா என்று அந்த வாரம்தான் மேலாளர் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

"இவங்க அந்தக் குழந்தையத் தொட்டாங்களா இல்லையா? அத மட்டும் சொல்லு" என்றார் மேலாளர்.

பஞ்சுவின் கண் இமையை நானும் பார்த்தவள். டாக்டரம்மா சொன்னதை வரி பிசகாமல் சொல்லத் தெரிந்தவள். எல்லாம் நாக்கு நுனிவரை வந்தது.

"தொட்டாங்க சார்" என்றேன்.

பச்சைக் கோட்டை மடித்து மேசைமேல் வைத்துவிட்டு அக்கா போனார். அலமாரிக்கு முன்னால் இப்போது வேறொரு பெண் நிற்கிறாள், நல்ல சிரித்த முகம். எனக்கு வேலை நீட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

மூன்று மாதம் கழித்து, வேலை முடிந்து போகும்போது பேருந்து நிறுத்தத்தில் அக்காவைப் பார்த்தேன். ஒரு விடுதியில் படுக்கை விரிப்பு துவைக்கிறாராம், விரலெல்லாம் ஊறி வெந்திருந்தது. பக்கத்தில் பஞ்சு ஒரு பழத்தைச் சாறு ஒழுகக் கடித்தபடி பலகைமேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். நான் ஓடி ஒளியப் பார்த்தேன். அதற்குள் அக்கா என் கையைப் பிடித்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"அந்தத் தையற்கடை அம்மா வந்தாங்களாப்பா? பாப்பாவுக்கு ரத்தம் டெஸ்ட் பண்ணாங்களா? எனக்கு அதே நெனப்பா இருக்கு."

"பண்ணாங்கக்கா. மருந்து குடுத்திருக்காங்களாம். இப்ப நல்லா இருக்காம்."

அக்கா அப்படியே பலகையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "போதும்பா, அது போதும்" என்றார். என் கையைத் தடவிக் கொடுத்தார்.

அன்று காலையில்தான் அந்தத் தையற்கடை அம்மாவுக்கு நான் மூன்று டின் பில் போட்டிருந்தேன். குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.