வெயிலில் நான், நிழலில் அவர்

நிச்சயதார்த்தம் முடிந்து வாரக்கணக்காகியும் அவரும் நானும் ஒட்டி நின்றதில்லை. அம்மா விட்டால்தானே! எங்கே போனாலும் கூடவே வருவாள். எங்களுக்கு நடுவில் இன்னொரு ஆள் நிற்க இடம் இருக்க வேண்டும் என்பது அவளுடைய சட்டம். எனக்கோ அவர் தோளோடு ஒரு தரமாவது உரசி நின்றுவிட வேண்டுமென்று பித்துப் பிடித்திருந்தது.

கல்யாணக் கார்டுக்குப் படம் எடுக்கக் கண்டி வாவிக்கரைக்குப் போனோம். இடத்தைத் தேடிப் பிடித்தவர் அவர்தான். மரக்கிளைக்குக் கீழே ஒரு துண்டு நிழல், மற்றதெல்லாம் சுள்ளென்ற வெயில். தன் ஃபோனை அம்மாவிடம் கொடுத்து, "நீங்க எந்த முகத்த தொடுறீங்களோ, அதுக்கு ஏத்த மாதிரி வெளிச்சத்த அதுவே வச்சிக்கும் அத்தை" என்று பவ்வியமாகச் சொல்லிக்கொடுத்தார்.

சட்டப்படி தள்ளி நின்றோம். நான் வெயிலில், அவர் நிழலில். அம்மா திரையில் என் முகத்தைத் தொட்டாள். நான் பளிச்சென்று விழுந்தேன். அவர் நின்ற இடத்தில் ஒரே இருட்டு.

"ஐயோ, மாப்பிள்ளய காணோமே!"

அவர் முகத்தைத் தொட்டாள். அவருடைய மீசை மயிர் ஒவ்வொன்றும் தெரிந்தது. நான் மாவில் விழுந்து எழும்பியவள் மாதிரி வெளுத்துப்போனேன், மூக்கைக்கூடக் காணவில்லை. அம்மா விடவில்லை. நடுவில் இருந்த வெறும் இடத்தைத் தொட்டாள். பின்னால் மினுங்கிய வாவித் தண்ணீர் அருமையாக வந்தது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

அச்சகத்துக்கு அன்றைக்கே படம் போயாக வேண்டும். அம்மா, தெரிந்தவர்கள் யாரும் வருகிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டாள்.

"சரி, ரெண்டு பேரும் வெயில்ல நின்னா கண்ணு கூசும், நீயும் நிழலுக்குப் போ புள்ள. இன்னும் கிட்ட. இன்னும்! கன்னத்துல வெயில் அடிக்குதுல்ல!"

தோள் பட்டது. சத்தியமாக எனக்குத் தலை சுற்றியது. படத்தில் எனக்கு வாயெல்லாம் பல்.

பகல் சாப்பாட்டுக்கு அவரும் எங்கள் வீட்டுக்கு வந்தார். குண்டசாலை பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் அம்மா நடுவில் உட்கார்ந்துகொண்டாள். சட்டம் திரும்பி வந்துவிட்டதே என்று நான் முகத்தைத் தூக்கி வைத்திருக்கையில் என் ஃபோன் அதிர்ந்தது. அவர்தான் செய்தி அனுப்பியிருந்தார்.

"வெயிலயும் நிழலயும் ஒண்ணா சமாளிக்க என் ஃபோன்ல எச்.டி.ஆர்.னு ஒண்ணு இருக்கு. தள்ளி நின்னாலும் ரெண்டு முகமும் நல்லா வரும். அத்தைகிட்ட குடுக்கிறதுக்கு முன்னாடி நான்தான் அத ஆஃப் பண்ணேன்."

எட்டிப் பார்த்தேன். அவர் ஒன்றுமறியாத பிள்ளையாக ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கல்யாணம் முடியிற வரைக்கும் அது ஆஃப்லயே இருக்கட்டும்" என்று பதில் போட்டேன்.