மச்சாள் பெயரில் எடுத்த லொத்தர்

இதை எழுதலாமா, வேண்டாமா என்று சில வருடங்களாக யோசித்துக்கொண்டே இருந்தேன். எழுதினால் என் கணவரின் மனம் நோகும் என்ற பயம். போன கிழமை கோயில் அன்னதான வரிசையில் ஒரு பெண் தன் போனில் வந்த லொத்தர்ப் பரிசுச் செய்தியைக் காட்டி, "அக்கா, உது உண்மையா இருக்குமோ? ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ" என்று காதுக்குள் கேட்டார். வீட்டில் நான் அதைச் சொன்னதும் என் கணவரே, "எழுது" என்றார். நான் பெரிதாகப் படித்தவள் அல்ல. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இவருடைய அக்கா, எனக்கு மச்சாள், யாழ்ப்பாணத்தில் தனியாக இருந்தார். நாங்கள் கனடாவில், ஸ்காபரோவில். வெள்ளிக்கிழமைகளில் றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போகும் வழியில் காருக்குப் பெற்றோல் அடிக்க நிறுத்தினால் இவர் ஒரு லொத்தர்ச் சீட்டும் எடுப்பார். போனில் இலக்கம் சொல்வது மச்சாள்தான்.

"அக்கா, கெதியாச் சொல்லு. பூசை துவங்கப்போகுது."

"முருகனுக்கு ஆறு போடு. உன்ர மனிசி பிறந்த திகதியையும் போடு."

"அப்ப விழுந்த மாதிரித்தான்!"

"பொறடா, அவள் வந்தாப்பிறகுதான் நீ மனிசனானனீ."

நான் காருக்குள் இருந்து சிரிப்பேன். "இது உன்ர பேரிலதான் அக்கா" என்று இவர் ஒவ்வொரு முறையும் சொல்லுவார்.

மச்சாளுக்கு இதய வால்வு பழுது. கொழும்பில் ஒப்பரேசன் செய்ய இவர் இரவு வேலைக்கும் போய்க் காசு அனுப்பினார். நாளும் குறித்தாயிற்று. பிறகு மச்சாள், "ஆடி கழியட்டும்", "இப்ப கொஞ்சம் சுகம்" என்று தள்ளிக்கொண்டே போனார். பயப்படுகிறார் என்றுதான் நினைத்தோம்.

ஒருநாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து மூச்சு வாங்க வாங்கக் கதைத்தார்.

"தம்பி, உன்ர ரிக்கெற்றுக்குப் பரிசு விழுந்திட்டுது. கனடா லொத்தர் கந்தோரில இருந்து வட்ஸ்அப்பில வந்தது. வரி கட்டினால்தான் விடுவினமாம். ஒப்பரேசன் காசைக் கட்டிப்போட்டன். இன்னும் ஒண்டும் வரேல்லை."

"ஏனக்கா எனக்கு ஒரு சொல் சொல்லேல்லை?"

"கையில சேர முந்தி வாய் திறந்தா நாவூறு பட்டிடுமெல்லோ. அவையும் ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம் எண்டுதானே சொன்னவை."

எங்கள் வழக்கம் அது. கலியாணம் பொருந்தினாலும், விசா கிடைத்தாலும், முடியும்வரை மூச்சு விடமாட்டோம். கள்ளர் சொன்னதும் எங்கள் வழக்கமும் ஒன்றாகப் போயிற்று. கண்டபடி எல்லாருக்கும் போகும் செய்திதான். மச்சாளுக்கு அது தம்பி எடுத்த சீட்டாகத் தெரிந்தது.

வரி என்ற சொல்லும் அவரைச் சந்தேகப்பட விடவில்லை. இலங்கையில் பெரிய பரிசென்றால் வரியைக் கழித்துத்தான் கொடுப்பார்கள். இந்தியாவிலும் அப்படித்தான். தமிழ்நாட்டில் லொத்தரே தடை, பக்கத்துக் கேரளாவில் அரசாங்கமே விற்கிறது. இங்கே ஒன்ராறியோவில் மாகாண அரசு நடத்துகிறது. பரிசுக்கு வரி கிடையாது. சீட்டை வைத்திருப்பவர்தான் போய்க் கேட்கவேண்டும். ஒன்லைனில் எடுப்பதென்றாலும் மாகாணத்துக்குள் இருந்து, சொந்தக் கணக்கில்தான் எடுக்கலாம். பரிசைத் தரமுதல் காசு கட்டச் சொல்லும் அரச லொத்தர் எந்த நாட்டிலும் இருப்பதாக நான் கேள்விப்படவில்லை.

மூச்சுக்கு அந்தரப்பட்டவரிடம் இவர் இதில் ஒன்றையும் சொல்லவில்லை.

"சரியக்கா, நான் பாக்கிறன். நீ முதல் ஒப்பரேசனைச் செய்."

"பரிசு வந்த உடனே உன்ர காசைத் தந்திடுவன். நீ அந்த இரவு வேலையை விட்டிடு, ராசா. நேர்த்தி வைச்சனான். கந்தன் குடுத்திட்டான்."

அங்கே இங்கே கேட்டு மறுபடியும் காசு சேர்த்தோம். புது நாள் வருவதற்குள் மச்சாள் போய்விட்டார். கடைசிவரை அது பொய் என்று அவருக்குத் தெரியாது. அவர் சொன்ன அந்த நன்றியை முருகன் எப்படிக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று விளக்கேற்றும்போது நினைப்பேன். விளக்கேற்றாமல் இருக்க மட்டும் முடியவில்லை.

வாசிக்கும் நீங்கள் இதை உங்கள் சொந்தங்களுக்கு அப்படியே அனுப்புங்கள். எதையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். பேராசை என்று யாரும் இடையில் ஒரு சொல்லைச் சேர்த்துவிடாதீர்கள். தம்பி இரவு வேலைக்குப் போகக்கூடாது என்பதுதான் மச்சாளின் ஆசை. அந்த வசனத்தையும் தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள்.