தேங்காய் போகாத இடைவெளி

இத்தாலியில் எங்கள் வாடகை வீட்டின் சமையலறைக்குப் பின்கதவு ஒன்று உண்டு. திறந்தால் வெறும் காற்று, ஓராள் உயரத்துக்குக் கீழே முற்றம். பழைய பல்கனி இடிந்த பிறகு வீட்டுக்கார அம்மணி, எங்கள் வாயில் சிஞ்ஞோரா, அதைப் பூட்டியே வைத்திருந்தார். தவழத் தொடங்கியிருந்த அக்காவின் மகன் ஒருநாள் கதவடியில் படுத்து, உள்ளே வந்த வெளிச்சக் கீற்றை நக்கிப் பார்த்தான். உடனே எனக்குப் பொறி தட்டியது: வெளியே ஒரு மரத்தளம் போட்டால் என்ன?

“நீயோ?” என்றாள் அக்கா. “நீ பொருத்தின அலுமாரி இன்னும் சரிஞ்செல்லோ நிக்குது.”

“அது யூனிவேர்சிட்டிக்குப் போக முந்தி!”

“ஜெயோமெத்ரா பாத்துச் சரியெண்டு சொல்லட்டும். அதுவரைக்கும் என்ரை பிள்ளை அங்கை கால் வைக்காது.”

ஜெயோமெத்ரா என்றால் கட்டட விதிகளைப் பார்த்துக் கையெழுத்து வைப்பவர். சிஞ்ஞோராவே அவரைப் பிடித்து நகரசபை அனுமதியும் எடுத்துத் தந்தார். அம்மாவோ பேரனின் முதல் பிறந்தநாள் அந்தத் தளத்தில்தான் என்று ரயில் ஸ்தாசியோனே பக்கத்துத் தமிழ்க்கடை வரைக்கும் சொல்லிவிட்டார்.

இந்த ஊர்ப் பழஞ்சுவர் துளைத்தால் மாவாய்க் கொட்டும். ஆகவே சுவரை நம்பாமல், கொங்கிறீற்றில் நாட்டிய கால்களின்மேல் தளத்தை நிறுத்தினேன். கைப்பிடி இடுப்புக்கு மேல். மிஞ்சியது ஒரு விதிதான்: பத்து சென்டிமீற்றர் பந்து கைப்பிடிச் சட்டங்களுக்கிடையில் நுழையக் கூடாது. வீட்டில் அப்படியொரு பந்து இல்லை. புதுத்தளத்தில் உடைக்க அம்மா வாங்கி வைத்த தேங்காய் இருந்தது. ஒவ்வோர் இடைவெளியிலும் வைத்துத் தள்ளினேன். அசையவில்லை.

“தேங்காயே போகேல்லை, என்ரை பேரன் எப்பிடிப் போவான்?” என்றார் அம்மா.

ஜெயோமெத்ரா வந்தார். தளத்தில் குதித்தார், தளத்தின் கால்களை ஆட்டிப் பார்த்தார், போல்ட்டுகளைத் தட்டினார். தலையசைத்தார். நான் அக்காவை ஒரு பார்வை பார்த்தேன். ஜெயோமெத்ரா தன் பையிலிருந்து பத்து சென்டிமீற்றர் மரப்பந்து ஒன்றை எடுத்தார். அது சட்டங்களுக்கிடையில் சுகமாக நுழைந்து முற்றத்தில் விழுந்து உருண்டது.

நான் தேங்காயை நீட்டி விளக்கம் சொன்னேன். அவர் அதை அளந்தார். பன்னிரண்டு சென்டிமீற்றர்.

“அருமையான தேங்காய், சிஞ்ஞோரா,” என்று அம்மாவிடம் இத்தாலியனில் சொன்னார். “இந்தத் தளத்தில் அதற்கு ஓர் ஆபத்தும் வராது.”

“பாத்துப் பாத்துப் பெரிசா வாங்கினது என்ரை பிழையோ?” என்று அம்மா என்னிடம் பாய்ந்தார்.

அக்கா கதவைப் பூட்டிச் சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

ஒன்பது சென்டிமீற்றரில் ஒரு கட்டை வெட்டி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை சட்டங்கள் எல்லாவற்றையும் கழற்றி, அந்தக் கட்டையை இடையில் வைத்து வைத்தே திரும்பவும் அடிக்க வேண்டும். முற்றத்திலிருந்து ஏணி வைத்துத்தான் ஏற வேண்டும். சாவி கேட்க எனக்குத் துணிவில்லை.