மாடியறையில் ஓடிய தையல் மெஷின்

ஜெயபாய் டீச்சர் பயந்தாங்கொள்ளி இல்லை. கதை கட்டுகிறவரும் இல்லை. 1976 பிப்ரவரியில், தூத்துக்குடி திரேஸ்புரத்தில் அவருக்கு நடந்ததை அவர் சொன்னபடியே சொல்கிறேன். என் சரக்கு எதுவும் இதில் இல்லை.

சிப்பி சேமித்துவைத்த பழைய கிட்டங்கி ஒன்றை வாடகைக்குப் பிடித்து அரசு இல்லம் நடத்திய சின்னப் பள்ளிக்கூடம் அது. அந்த இல்லத்தில் வளரும் எட்டுப் பெண்பிள்ளைகள். வேறு எந்தப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளாதவர்கள். கீழே, புதிதாக வந்த ஜெயபாய் எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுத்தார்; மாடியறையில் தையல். தையல் டீச்சர் வேலையை விட்டுப் போனதும், ஜெயபாய் மாடியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

திங்கட்கிழமை மதியம், மூன்று இருபது. எட்டுப் பேரும் எதிரே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

மேலே... கடகடகடவென்று மெஷின் ஓடியது.

ஓடிப்போய்த் திறந்தார். ஆள் இல்லை. சக்கரம் மட்டும் மெல்லச் சுற்றி நின்றது. ஊசிக்கு அடியில் பாதி தைத்த வெள்ளைச் சட்டை.

வாட்ச்மேன் சிலுவை மேல்தான் சந்தேகம் விழுந்தது.

"உம்மகிட்ட இன்னொரு சாவி இருக்கா? யாரை உள்ள விடுதீரு?"

"மாதா சத்தியமா இல்ல டீச்சர்."

அவர் நம்பவில்லை. புதுப் பூட்டு வாங்கிப் போட்டார். கதவிடுக்கில் ஒரு நூலையும் ஒட்டிவைத்தார்.

செவ்வாய், மூன்று இருபது. மெஷின் ஓடியது. நூல் அறுபடவில்லை. ஆனால் சட்டைக்குக் கை வந்திருந்தது.

புதன்... காலர்.

வியாழக்கிழமை சத்தம் கேட்டபோது அவர் மாடிக்குப் போகவில்லை. பிள்ளைகளின் முகத்தைக் கவனித்தார். ஏழு பேர் மிரண்டுபோய் அண்ணாந்து பார்த்தார்கள். பதினைந்து வயது இசக்கியம்மாள் மட்டும் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏளா, உனக்குத் தெரியும். யாரு அது?"

"அந்த அக்கா, டீச்சர். எனக்குத்தான் தைக்காவ."

"எந்த அக்கா?"

"போன வாரம் மாடிப்படியில வச்சு அளவெடுத்தாவ. கை சில்லுனு இருந்துச்சு. நாளைக்கு உடுத்திட்டுக் கடக்கரைக்கு வரச் சொன்னாவ."



மறுநாள் பள்ளியைத் திறக்கவில்லை. இல்லத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, இசக்கியம்மாளைக் கடலை விட்டுத் தள்ளியிருந்த நாசரேத் ஊரிலுள்ள தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். சாப்பிட்டதும் பிள்ளை பாயில் படுத்துத் தூங்கிவிட்டாள். ஜெயபாய் பக்கத்திலேயே உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

மூன்று இருபது.

பிள்ளையின் கை இழுபட்டது... வாசல் பக்கமாக.

பிள்ளை அசையவே இல்லை. மூச்சு சீராக இருந்தது.

கை மட்டும் இழுபட்டது.

ஜெயபாய் விடவில்லை.

மூன்று இருபத்தாறுக்கு நின்றது.

திங்கட்கிழமை மாடியைத் திறந்தால் சட்டை இல்லை. அந்த வாரமே பள்ளியை வேறு வீட்டுக்கு மாற்றச் செய்தார்.

மூன்று மாதம் கழித்து, இல்லத்துக் கிளார்க் அருமைநாயகம் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"நீங்க வாரதுக்கு முந்தி, அந்தக் கட்டடத்துல படிச்ச மூணு பிள்ளைய கடல்ல முங்கிச் செத்துப்போச்சு டீச்சர். தவறி விழுந்ததுன்னு எழுதி மூடிட்டோம். கரை ஒதுங்கினப்போ மூணு பேர் உடம்புலயும் புது வெள்ளைச் சட்டை..."

கையிலிருந்த பேரேட்டை மூடி வைத்தார்.

"இல்லத்துல நாங்க கொடுக்கது நீலச் சட்டை மட்டுந்தான்."