வாசனையில்லாத களிம்பு

எனக்கு எழுத்து நேராக வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத உட்கார்ந்தால் முன்னே நடந்தது பின்னேயும், பின்னே நடந்தது முன்னேயும் வந்து நிற்கிறது. பாதி மறந்தும் போயிற்று. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். முகத்தில் எதைப் பூசுவது என்று தெரியாமல் நான் பட்ட பாடு ஒரு கதையா என்று சிரிப்பார்களோ என்றுதான் இத்தனை காலம் வாய் திறக்காமல் இருந்தேன்.

சித்தூர் மதராஸ் ராஜதானியோடு இருந்த நாளில் நான் கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்தேன். வந்த கோடையிலேயே என் கன்னமும் மூக்கும் சிவக்கத் தொடங்கின. நான் மாநிறம். அதன்மேல் செங்கல் பொடி தூவினாற்போல் இருக்கும். அடுப்பெதிரே உட்கார்ந்தால் சிவக்கும், காரம் தின்றால் சிவக்கும், வெட்கப்பட்டால் சிவக்கும். நான் வெட்கப்படாத நேரம் ஏது? சிவப்பு கொஞ்சம் இறங்கினாலும் எரிச்சல் இறங்காது. தோல் வறண்டு, வாயைத் திறந்தால் இழுக்கும்.

எங்கள் சபையில் திருவிருந்து அன்று பெண்கள் பீடத்துக்கு முன் வரிசையாக முழங்காலிடுவோம். போதகர் திராட்சரசம் உள்ள ஒரே பாத்திரத்தை வலக்கோடியிலிருந்து ஒவ்வொருவர் வாயிலும் வைத்துக்கொண்டு வருவார். நடுவில் ஓரத்தைத் துணியால் துடைப்பார், அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் இடப்பக்கம் முழங்காலிட்ட அம்மாள் என் முகத்தைப் பார்த்தார். புடவையைச் சரிசெய்வதுபோல் எழுந்தவர் அப்படியே நடந்து வலக்கோடிக்குப் போய்விட்டார். அங்கே என்றால் எனக்கு முன்பே குடித்துவிடலாம்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது பேச்சு காதில் விழுந்தது.

"அவ மூஞ்சியப் பாத்தியா? இன்னா வியாதியோ! அவ குடிச்சதுக்கப்புறம் நாம எப்பிடி வாய் வெக்கிறது?"

"பெருவியாதி வர்றதுக்கு முன்னாடி இப்பிடித்தான் செவக்குமாம்க்கா."

குஷ்டத்தைத்தான் அப்படிச் சொன்னார்கள். எனக்குக் கேட்டது. எனக்குப் பின்னால் வந்த மாமியாருக்கும் கேட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் பேசினதைவிட அதுதான் எனக்கு நெஞ்சில் தைத்தது.

அதன்பின் நான் கடைசியில் போய், இடக்கோடியில் முழங்காலிட ஆரம்பித்தேன். இன்னும் சிவந்தால், நீ வரவே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். திருவிருந்துக்கு முந்தின நாள் ஆயத்த ஆராதனையில் போதகர், சுத்தமாய் வாருங்கள் என்பார். அவர் சொன்னது மனசை. நான் வீட்டுக்கு வந்து, ஆஸ்பத்திரியில் கை கழுவுகிற கார்பாலிக் சோப்பைப் போட்டு, தேங்காய் நாரால் முகத்தைத் தேய்ப்பேன். மறுநாள் காலையில் முன்னைவிடச் சிவப்பாகப் போய் நிற்பேன். ஏன் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

அந்தச் சமயம் திருப்பதியில் இருந்த என் நாத்தனாருக்குப் பிள்ளை பிறந்தது. அவள் வீட்டுக்காரர் ரயில்வேயில் வேலை. ஒத்தாசைக்கு என்னை அனுப்பினார்கள். நான் எல்லா வேலையும் செய்தேன், பிள்ளையை மட்டும் தொடவில்லை.

"இன்னா அண்ணி, புள்ளையத் தூக்க மாட்டேன்ற?"

சொன்னேன். அழுகையும் வந்துவிட்டது.

"ஒட்டிக்கினா நானும் செவப்பாயிட்டுப் போறேன். எங்க ஊட்டுக்காரரு செவத்த பொண்ணுதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னாராம். புடி!" என்று பிள்ளையை என் மடியில் போட்டாள்.

அன்று முதல் என் முகம் அவளுக்கு வேலையாகிவிட்டது. மலையிலிருந்து இறங்கி வருகிற மொட்டைத் தலைக்காரர்கள் சந்தனம் பூசிக்கொண்டு தெருவில் போவார்கள். "எவ்ளோ ஜில்லுன்னு போய்க்கினு கீறாங்க பாரு" என்று எனக்கும் சந்தனம் அரைத்தாள். பூசினபோது சுகமாய்த்தான் இருந்தது. காய்ந்ததும் முகத்தைப் பிடித்து இழுத்தது, கழுவினால் நமைச்சல். கடைத்தெருவில் ஒருவர், மதராசில் துரைசானிகள் பூசுவது என்று ஒரு கண்ணாடிக் குப்பியில் ஸ்நோ கொடுத்தார். திறந்தால் வீடெல்லாம் மல்லிகை மணம். கன்னத்தில் வைத்த மாத்திரத்தில் மிளகாய் அப்பினாற்போல் எரிந்தது. தேங்காய் எண்ணெய் எரியவில்லை. ஆனால் சின்னச் சின்னக் கொப்புளம் கண்டது.

குழந்தையைப் பார்க்க ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸம்மா வருவார், தெலுங்குக்காரர். நாத்தனார் என் முகத்தை வெளிச்சத்தில் திருப்பி அவரிடம் காட்டினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் விரலால் கன்னத்தை அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்திப் பார்த்தார். தொட்டால் உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டார்.

"உணர்ச்சியா? அதுதான் எரியுது எரியுதுன்னு உயிர வாங்குறாங்களே" என்றாள் நாத்தனார்.

"இது அண்டுவியாதி காதம்மா" என்றார் அவர்.

"தமிழ்லயும் ஒருவாட்டி சொல்லுங்க, அண்ணி நல்லா கேட்டுக்கட்டும்."

"ஒட்டாது. பெருவியாதி இல்ல. தோலு ரொம்ப மெல்லிசு, கோவக்காரத் தோலு. சோப்பு ஒத்துக்காது, வாசனை ஒத்துக்காது. பச்சத் தண்ணில கழுவு. முழுசா போயிடும்னு நான் சொல்ல மாட்டேன். சாந்தமா வெச்சிக்கலாம்."

குழந்தைக்குத் தொடையிடுக்கு வெந்துபோனதற்கு அவர் கொண்டுவந்திருந்த தகர டப்பாவைக் காட்டினார். உள்ளே வெள்ளையாய், ஒரு வாசனையும் இல்லாத களிம்பு. முதலில் காதுக்குப் பின்னால் துளி தடவி இரண்டு மூன்று நாள் விட்டுப்பார், சும்மா இருந்தால் முகத்துக்குப் போடு என்றார். ஸ்நோவையும் அப்படிப் பார்த்திருக்கலாம் என்று அப்போதுதான் தோன்றியது.

காதுக்குப் பின்னால் சும்மாதான் இருந்தது. முகம் கழுவி, ஈரம் முழுக்கக் காயுமுன் மெல்லிசாய்த் தடவினேன். எரியவில்லை. எரியாமல் இருப்பது எப்படி இருக்கும் என்பதையே நான் மறந்திருந்தேன்.

"கொழந்த குண்டிக்கும் அதான், அண்ணி மூஞ்சிக்கும் அதான்!" என்று நாத்தனார் வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. இழுக்கவில்லை.

சித்தூருக்குத் திரும்பும்போது ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன். பாகாலா வருவதற்குள் கரித்தூளெல்லாம் களிம்பில் ஒட்டிக்கொண்டது. கறுப்புப் புள்ளி வைத்த முகத்தோடு வீட்டு வாசலில் நின்றேன். மாமியார் முந்தானையால் துடைத்துவிட்டு, "இன்னா சொன்னாங்க?" என்று கேட்டார்.

"ஒட்டாதாம் அத்தே. போவவும் போவாதாம்."

அவர் கரி படிந்த முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த திருவிருந்துக்கு நான் சோப்புப் போடவில்லை. எரிச்சல் இல்லையே தவிர, சிவப்பு கன்னத்தில் அப்படியேதான் இருந்தது. வழக்கம்போல் எல்லாரும் போகட்டும் என்று காத்திருந்தேன். எப்போதும் முதல் வரிசையில் போகிற என் மாமியாரும் அன்று எழுந்திருக்கவில்லை. நான் போய் இடக்கோடியில் முழங்காலிட்டதும், பின்னாலேயே வந்து எனக்கும் இடப்பக்கம் முழங்காலிட்டார். நான் குடித்தேன். போதகர் ஓரத்தைத் துடைக்கத் துணியை எடுத்தார். அதற்குள் மாமியார் கையை நீட்டிப் பாத்திரத்தைப் பிடித்து, நான் வாய் வைத்த இடத்திலேயே வாய் வைத்துக் குடித்தார். பின்னால் இருந்த எல்லாரும் பார்த்தார்கள்.

அதற்கடுத்த முறை நான் வரிசையின் நடுவில் முழங்காலிட்டேன். என் இடப்பக்கம் யாரோ வந்து முழங்காலிட்டார்கள். யார் என்று திரும்பிப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

அந்த டப்பா தகரமா, பீங்கானா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. பாத்திரம் வலக்கோடியிலிருந்துதான் வந்ததா என்றும் எனக்கு உறுதியில்லை. அந்தச் சபையில் அப்போது முழங்காலிட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், தப்பைத் திருத்திச் சொல்லுங்கள். எனக்கு அடுத்து வாய் வைத்த என் மாமியார் எந்தப் பக்கம் இருந்தார் என்பதை மட்டுமாவது சரிபார்த்துச் சொன்னால் போதும்.